வம்சப்பெட்டியில் ஒரு காலி வட்டம்

அன்று மேலக்கரும்பாறை ஊராட்சிக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். பச்சிலையார் வீட்டு மூத்தவர் ஆவுடையப்பன். அவர் மனைவி கோமதி. அவருடைய தம்பி சொக்கலிங்கம். ஊராட்சித் தலைவர் முப்பிடாதி. மாவட்டச் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த டாக்டர் நஸீமா. செங்கல் சூளையில் வேலை செய்த வடக்கத்தியாருக்கு மேஸ்திரியான பிர்ஜு மாஞ்சி. ஏழாவதாக யாரும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர்கள், தாங்களும் உள்ளே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் உள்ளே இல்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம், முற்பகல் பதினொரு மணிக்கு. மேஜையின் நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. ஊர்க்காரர்கள் வம்சப்பெட்டி என்றார்கள்.

ஆவுடையப்பனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வம்சம் ஒரு பெட்டிக்குள் அடங்குகிற சமாசாரம் அல்ல என்பது அவர் எண்ணம். எழுபத்தொரு வயதிலும் நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்காருகிறவர். அவர் இருக்கும் இடத்தில் மற்றவர்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"டாக்டரம்மா, எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க. எனக்கு வெளங்கிட்டுன்னா ஊருக்கே வெளங்கிரும்" என்றார் முப்பிடாதி.

நஸீமா மேலப்பாளையத்துப் பெண். படிப்பு டெல்லியில் என்றாலும் பேச்சு தாமிரபரணிக் கரையை விட்டு நகரவில்லை.

"ஆறாப்புண்ணுக்குள்ள ஒரு ஒட்டுண்ணி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பூச்சின்னு வச்சுக்கோங்க. மணல் ஈ ஒருத்தர் புண்ணுல கடிச்சிட்டு, அடுத்தவரைக் கடிக்கையில அந்தப் பூச்சியும் கூடவே போயிருது. இப்படி ஆள் மாறி ஆள் போகப்போக அதுக்குள்ள சின்னச் சின்ன மாத்தம் விழும். தாத்தா மூக்கு பேரனுக்குக் கொஞ்சம் வளைஞ்சு வருதுல்லா, அந்த மாதிரி. இந்தப் பெட்டி மூக்கைப் பாத்து, இது இன்னார் வாரிசுன்னு சொல்லிரும்."

"நம்ம ஊருக்கு இது முந்தியே வந்திருக்கணும்" என்றார் முப்பிடாதி. "பல வீட்டுப் பஞ்சாயத்து தீந்திருக்கும்."

ஜன்னல் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

ஆறாப்புண் ஆளைக் கொல்கிற நோய் அல்ல. பரு போலத் தொடங்கும். வலிக்காது. பிறகு வாய் திறந்து, விளிம்பு தடித்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். ஆறினாலும் குழிவிழுந்த தழும்பை விட்டுப் போகும். அது கன்னத்திலோ மூக்கிலோ விழுந்தால் அந்தப் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள். முந்தைய காலத்தில் மலைக்கு மேலே எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு வந்த நோய் அது. மார்கழிக் குளிர் ஒழிந்து, வருஷம் முழுக்கப் புழுக்கம் என்றான பின் மணல் ஈ அடிவாரத்துக்கு இறங்கியது. மண் சுவர் விரிசலும் மாட்டுத் தொழுவத்து ஈரமும் அதற்குப் போதும். அந்திக் கருக்கலில் புறப்பட்டுவரும். கொசுவைப் போலச் சத்தம் போடாது.

பச்சிலையார் வீட்டார் அந்தப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். பாறைச் சரிவில் படரும் கல்லுறிஞ்சிக் கொடியின் இலையை அரைத்து, நல்லெண்ணெயில் காய்ச்சிய களிம்பு. நான்கு தலைமுறையாக யாரிடமும் காசு வாங்கியதில்லை. சொறி, படை என்று தொடங்கிய மருந்து, ஆறாப்புண்ணையும் கேட்டது. பன்னிரண்டு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள்.

கொடுக்கும் முறைக்கு ஒழுங்கு உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் மருந்து. வீட்டின் பின்கட்டில், தொழுவத்தை ஒட்டிய கல்பலகையில் வரிசையாக உட்கார வேண்டும். கட்டை அவிழ்த்து, புண்ணைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டு மூத்தவர் மேல்சட்டை இல்லாமல், தோளில் துண்டோடு வந்து தன் கையால் தடவுவார். ஒரு நாளும் இந்த ஒழுங்கு தவறியதில்லை.

நஸீமா சுவரில் படத்தை விழ வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சிறு வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதர். வட்டங்களிலிருந்து கோடுகள் கிளம்பி, பஸ் போகும் பாதையிலேயே பின்னோக்கி வந்து, ஒரே இடத்தில் கூடின.

"அது எந்த இடம்?" என்று முப்பிடாதி கேட்டார்.

அவள் ஆவுடையப்பனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "ஐயா வீட்டுப் பின்கட்டு."

சொக்கலிங்கம் எழுந்துவிட்டார். "என்னம்மா பேசுதிய? மருந்து குடுத்த வீட்டையே நோய் குடுத்த வீடுங்கியளா?"

"மருந்துல தப்பில்லங்கய்யா. நாங்க எண்பது பேருக்குப் போட்டுப் பாத்தோம், எழுபத்தொரு பேருக்குப் பத்து வாரத்துல சுகம். எங்ககிட்ட இருக்குத ஊசி கூட அவ்வளவு கேக்காது. ஆனா மணல் ஈ வெளியேறுத நேரத்துல, தொழுவத்துப் பக்கத்துல, அம்பது புண்ணைத் தெறந்து வச்சு உக்காத்தி வைக்கோம். பழைய புண்ணு ஆறுது. கூட வந்த அக்காவுக்குப் புதுசா வருது. அவுக அடுத்த மாசம் வருவாக, அதே பலகைக்கு."

ஆவுடையப்பன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் தான் தடவிய ஒரு கை, ஒரு கன்னம் என்று அவருக்குத் தெரிந்தது.

"நேரத்தை மாத்திக்கிடலாம்" என்றார் கடைசியில். "காலையில குடுக்கேன். முன்வாசல்ல."

பெரிய மனிதர் ஒருவர் அவ்வளவு சீக்கிரம் வளைந்து கொடுத்ததை முப்பிடாதி எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் பின்கட்டில் அக்கறையும் இல்லை. "அது கெடக்கட்டும். எல்லாத்துக்கும் மேல ஒரு வட்டம் வெறுமனே நிக்கே, அது யாரு?"

"அதுதான் முதல் ஆள். அவுக புண்ணுலருந்து நமக்கு மாதிரி கெடைக்கல. ஆனா அப்படி ஒருத்தர் இருந்தாகணும்னு பெட்டி சொல்லுது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால இருக்கலாம், பதிமூணு வருஷமும் இருக்கலாம். இன்னொண்ணு, இந்தப் பூச்சி நம்ம மலைப் பூச்சி இல்ல. வடக்கத்திய வம்சம்."

முப்பிடாதி மேஜையைத் தட்டினார். "சூளை வந்து எட்டு வருஷம்!"

அவர் தீர்மானத்தை முன்பே அடித்துக்கொண்டு வந்திருந்தார். சூளையில் உள்ள நாற்பத்து மூன்று குடும்பங்களும் நாளைக் காலைக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும். லாரிகள் குளத்தங்கரையில் வந்து நின்றுவிட்டன. பச்சிலையார் வீட்டு மூத்தவர் கையெழுத்துப் போட்டால் மேலே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நோயைப் பற்றி அந்த வட்டாரத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை.

பிர்ஜு மாஞ்சி கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் மகளின் இடது கன்னத்தில் புண் இருந்தது. ஆவுடையப்பன்தான் மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நான் தமிழ்நாடு வந்து பதினாலு வருசம்" என்றார். "எங்க ஆளுக்கு வரும்போது புண்ணு இல்ல. இங்க வந்துதான் வந்துச்சு. எங்க புள்ளைங்க பேரு இங்க ஸ்கூல்ல இருக்கு. லாரி எங்க போவும்? எங்க எறக்குனாலும் அந்த ஊர்ல, இவன்தான் புண்ணு கொண்டாந்தவன்னு சொல்லுவாங்க. அப்புறம் அங்கேருந்து ஒரு லாரி."

"உம்ம ஆளுக வருஷா வருஷம் மாறுதானுகள்லாவே. போனவன்ல எவனாவது ஒருத்தன்."

"எவன்?" என்று கேட்டார் பிர்ஜு. "பேர் சொல்லுங்க."

முப்பிடாதி தாளை ஆவுடையப்பன் முன் நகர்த்திப் பேனாவைத் திறந்து வைத்தார்.

ஆவுடையப்பன் பேனாவைத் தொடவில்லை. "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன். வடக்கத்தியப் பூச்சின்னா, வடக்கத்தி ஆள்தான் கொண்டுவந்தாம்னு அர்த்தமா?"

"இல்லங்கய்யா. பூச்சியோட ஊரைத்தான் பெட்டி சொல்லும். அது யார் கூட ரயில் ஏறுச்சுன்னு சொல்லாது."

"சரி. எனக்கு அரைமணி நேரம் வேணும்."

வெயிலில் அவரும் கோமதியும் வீட்டுக்கு நடந்தார்கள். கோமதி குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடிக்கவில்லை. நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவருக்கு அது புதிதாக இருந்தது.

பதினொரு வருஷத்துக்கு முன் இருவரும் கங்கைக்கரை யாத்திரை போனார்கள். நாற்பது நாள். ஊரே திரண்டு ரயிலேற்றி விட்டது. மேளத்தோடு அழைத்து வந்தது. திரும்பிய மாதம் அவருடைய இடது மேற்கையில் ஒரு பரு கிளம்பியது. வலிக்கவில்லை. வாய் திறந்தது. ஆறவில்லை. மருந்து கொடுக்கும் கைக்குப் புண் வந்தால், அந்தக் கை மருந்தைத் தொடக்கூடாது. அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு விலக வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். அடுத்தவர் சொக்கலிங்கம். இலை பறிக்கப் போனால் பாதியைக் கொடியிலேயே விட்டுவிட்டு வருகிறவர். அவர் கையில் நான்கு தலைமுறைப் பேரை ஒப்படைக்க ஆவுடையப்பனுக்கு மனம் வரவில்லை. தோள் துண்டை இடது பக்கம் இறக்கிப் போட்டுக்கொண்டார். களிம்பைத் தனக்குப் போட்டால் புண்ணை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அதையும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் அப்படியே, அந்திதோறும், பலகைக்கு முன் நின்றார். துண்டு ஊர்க்கண்ணை மறைத்தது. ஈக்கு அது ஒரு பொருட்டில்லை.

பிறகு பலகையில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு அதே புண் வந்தது. அவர் தடவினார். ஆறியது. ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. அதன் பின்னரே, கோமதி அழுது அடம்பிடித்து அதே களிம்பை அவர் கையிலும் போட்டாள். பத்து வாரத்தில் ஆறிவிட்டது. அவர்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. வீட்டின் புகழ் பரவிய வருஷங்கள் அவை. என்ன பரவியது என்று அவர் தன்னையே கேட்காமல் இருக்கப் பழகியிருந்தார்.

வீட்டில் கோமதி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"கையெழுத்துப் போடப்போறியளா?"

"போட்டா என்ன?"

"போட்டா ஒண்ணுமில்ல. பேனா இருக்கு, கை இருக்கு."

"கோமதி, பங்குனியில வள்ளிமயிலுக்கு முகூர்த்தம். தம்பி மகள்னாலும் நம்ம வீட்டுப் பிள்ளைல்லா. அங்க போய் நான் வாயைத் தெறந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரன் நிப்பானா?"

"நிக்க மாட்டான்."

"செத்துப்போன எங்க அப்பா, தாத்தா பேரெல்லாம் சேந்து சந்தி சிரிக்கும்."

"சிரிக்கும்."

"பொறவு?"

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "இந்த வீட்டுக்கு நான் வந்த அன்னைக்கு நீங்க எனக்குச் சொன்னிய, மானம்னா யார்கிட்டயும் கை நீட்டாம இருக்கதுன்னு. நானும் அரிசி இல்லாத நாள்ல கூடப் பக்கத்து வீட்டு வாசல் மிதிச்சதில்ல. இப்ப நாப்பத்து மூணு குடும்பத்துக்கிட்ட கை நீட்டப்போறிய. எங்க வீட்டு அசிங்கத்தை நீங்க சொமந்துக்கிட்டுப் போங்கன்னு. அந்தப் பிள்ளை கன்னத்துல புண்ணோட லாரியில ஏறும். நீங்க நாளைக்கு அந்தப் பேனாவைத் தொட்ட கையால என்னத்தைத் தடவப்போறிய?"

அவர் மோரைக் குடிக்கவில்லை. எழுந்து, வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டார். சட்டையைக் கழற்றி மாட்டினார். தோளில் துண்டு போடாமல் வெளியே வந்தார்; கோமதியும் கூட வந்தாள். தெருவில் அவரை அப்படிப் பார்த்தவர்கள் கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்தார்கள்.

கூடத்தில் மற்ற நால்வரும் அப்படியே இருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"தலைவரே, அந்தக் காலி வட்டம் நான்தான்."

முப்பிடாதி முதலில் ஏதோ விளையாட்டு என்று எண்ணினார்.

ஆவுடையப்பன் யாத்திரை போன மாதத்தைச் சொன்னார். புண் வந்த இடத்தைக் காட்டினார். இடது மேற்கையில் ஒரு ரூபாய் அகலத்தில் வெளுத்துக் குழிந்த தழும்பு. இரண்டு வருஷம் மறைத்ததைச் சொன்னார். ஏன் மறைத்தார் என்பதையும் தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சொக்கலிங்கம் மெதுவாகத்தான் பேசினார். "இலை பறிக்கத் தெரியாதவன்னு சொல்லிச் சொல்லியே என்னைய மாட்டுக்குப் புல்லு போட வச்சிய. நானும் அண்ணன் சொன்னாச் சரியா இருக்கும்னு இருந்தேன். அதுக்கா?"

"அதுக்குத்தான்" என்றார் ஆவுடையப்பன். "தப்பு என் மேலதான்."

நஸீமா தழும்பைப் பார்த்தாள். அந்தப் புண்ணின் தழும்புதான் என்றாள். விளிம்பில் மெல்லிய ஊசி வைத்து ஒரு துளி எடுத்தாள். பெட்டிக்குள் வைத்தாள். இருபது நிமிஷம் ஆகும் என்றாள். அதற்குள் பிர்ஜு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஆவுடையப்பனிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். பச்சிலையார் வீட்டார் வெளியில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது ஊருக்குத் தெரியும்.

பெட்டி ஒருமுறை ஒலித்தது. சுவரில் எந்த வட்டமும் நிறம் மாறவில்லை.

"என்னாச்சு?" என்றார் முப்பிடாதி.

"ஒண்ணும் இல்ல" என்றாள் நஸீமா. "ஐயா ஒடம்புல பூச்சி இல்ல. மருந்து முழுசாக் கொன்னுருக்கு. மூக்கே இல்லாம பெட்டி யாரோட ஒப்பிடும்? இது இவுக வட்டம்னும் சொல்ல மாட்டேங்குது, இல்லைன்னும் சொல்ல மாட்டேங்குது."

சொக்கலிங்கம் துள்ளி எழுந்தார். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "பாத்தியளா! அரசாங்க மெஷினே இல்லைன்னுட்டு. தலைவரே, அண்ணனுக்கு வயசாச்சு, வெயில்ல நடந்து வந்திருக்காக, ஏதோ மனசு கொழம்பிப் பேசிட்டாக. நாம ஆறு பேரு. இதை இத்தோட விட்டுருவோம். அண்ணே, வாங்க, வீட்டுக்குப் போவோம். அண்ணே, வள்ளிமயிலை நெனைச்சுப் பாருங்க."

முப்பிடாதிக்கும் அதுவே வசதியாக இருந்தது. "அதானே. ஆதாரம் இல்லாம ஒரு பெரிய குடும்பத்து மேல பழி போட முடியுமா?"

"ஆதாரம் இல்லாம நாப்பத்து மூணு குடும்பத்து மேல போட இருந்தியளே" என்றாள் கோமதி. அந்தக் கூடத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

ஆவுடையப்பனுக்கு அந்தக் கணத்தில் திரும்பிப் போக வழி திறந்தே இருந்தது. தம்பி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். பெட்டி சொல்லாததை உலகத்தில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அவர் தம்பியின் கையை மெல்ல எடுத்து விட்டார்.

"பெட்டிக்குத் தெரியல. எனக்குத் தெரியும். டாக்டரம்மா, எழுதிக்கிடுங்க."

"ஐயா, பெட்டி காட்டாததை நான் வட்டத்துக்குள்ள போட முடியாது. உங்க வாக்குமூலம்னு கீழ எழுதலாம். அவ்வளவுதான்."

"வாக்குன்னே எழுதுங்க. எங்க வீட்டுல அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டார். தீர்மானத் தாளை முப்பிடாதி பக்கம் திருப்பி நகர்த்தினார். ஜன்னலில் நின்றவர்களில் பாதிப்பேர் செய்தி சொல்லுவதற்காக அதற்குள் ஓடிவிட்டிருந்தார்கள். சாயங்காலம் லாரிகள் வெறுமனே திரும்பிப் போயின. இருந்தும் சூளையில் இரண்டு குடும்பங்கள் பயந்துபோய் அந்த வாரமே தாமாகக் கிளம்பிவிட்டன. அவர்களைத் தடுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார்கள். முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாம் என்றார்கள். பிறகு வரவே இல்லை. வள்ளிமயில் பெரியப்பாவோடு ஒரு வருஷம் பேசவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்கட்டுப் பலகைகளைப் பெயர்த்தெடுத்தார்கள். மருந்து காலை பத்து மணிக்கு, முன்வாசலில், சொக்கலிங்கம் கையால் கொடுக்கப்பட்டது. ஆவுடையப்பன் கொடிப்பாறைக்குப் போய் இலை பறித்து வந்தார். முதல் மாதம் நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் சூளைக்காரர்கள். பிர்ஜுவின் மகளுக்குப் புண் ஆறியது, தழும்பு இருக்கிறது. மறு வருஷத்துக் கணக்கெடுப்பில் பன்னிரண்டு ஊரிலும் சேர்த்துப் புதிய புண் பத்தொன்பது. அரசாங்கப் படத்தில் மேலே உள்ள வட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர் உண்டு.

வம்சப்பெட்டியில் மாட்டிக்கொண்ட பிறகுதான், வேறு வழியில்லாமல் ஆவுடையப்பன் ஒப்புக்கொண்டார் என்று தென்காசி பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் சொன்ன பிறகுதான் அவர் கையில் ஊசி வைத்தார்கள். பெட்டி அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.